வலது பின்மூலை

கண்ணு முன்னால காவல், காது பொறத்தால காவல், அந்தக் காதக் கொண்டுபோயி மில்லுக்கு… இதற்கு மேல் அப்பா என்ன சொல்வார்? குடுத்துட்டேன் என்பாரா, வித்துட்டேன் என்பாரா, தொலைச்சுட்டேன் என்பாரா. எதுவானாலும் உரக்கத்தான் சொல்லியிருப்பார், மெதுவாகப் பேசத் தெரியாத மனுஷன். அப்படி உரக்கச் சொன்னதே நினைவில் நிற்கவில்லை என்றால் என்ன காது இது. காதைப் பற்றி இப்போது வேண்டாம். ஃபேனை நிறுத்தியாயிற்று, ஏசியை நிறுத்தியாயிற்று, மார்ச் மாத மத்தியானத்தில் கதவையும் சாத்திக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன், பனியன் முதுகோடு ஒட்டுகிறது. சுற்றிலும் ஏழு ஸ்பீக்கர்கள். முன்னால் மூன்று, பக்கத்துக்கு ஒன்று, பின்மூலைக்கு ஒன்று என்று ஏழும் என்னையே பார்த்துக்கொண்டிருக்கின்றன, பெண் பார்க்க வந்தவர்கள் மாதிரி. நான் ஏதாவது செய்ய வேண்டும். ஒன்றும் செய்யத் தோன்றவில்லை. தனலட்சுமி டீச்சர் இப்போதுதான் ஃபோனை வைத்தார். கும்மிக்குழு அவருடையது, பள்ளிக்கூடத்தில் ஓய்வு பெற்றபின் ஒண்டிப்புதூர்ப் பெண்களைச் சேர்த்து ஆரம்பித்தது. “ஏனுங்க தம்பி, அவகிட்ட நேத்து சாயங்காலமே சொல்லிப்போட்டனுங்க” என்றார். என்ன சொன்னாங்க டீச்சர் என்று கேட்டேன். “சரிங்க்கான்னு மட்டுஞ் சொன்னா. பயிற்சிக்குக் கழட்டி வெச்சிருந்த வளையல எடுத்து மாட்டிக்கிட்டா, போயிட்டா. நாளைக்குக் காலைல அவ எடத்துல என்ற மருமகள நிறுத்திக்கலாமுங்க, அவளுந்தான் ரொம்ப நாளாக் கேட்டுட்டு இருக்கறா.” அவள் என்றால் பரிமளம். வட்டத்தில் வலது பின்மூலையில் நின்ற பெண். அந்தக் கைத்தட்டு சரியில்லை, ஆளை மாற்றுங்கள் என்று போன வாரம் டீச்சரிடம் சொன்னவன் நான்தான். சரி டீச்சர், நாளைக்கு மறுபடி பதிவு எடுத்துடலாம் என்று இப்போது சொன்னவனும் நான்தான். சொல்லிவிட்டுப் பார்த்தால் ஃபோன் இடது காதில் இருக்கிறது. வலது கையால் எடுத்து, தலைக்குப் பின்னால் சுற்றி வளைத்துக் கொண்டுபோகாத குறையாக, இடது காதில். எப்போதிருந்து இப்படி?

பல்லடத்தில் ஒருவர் நாட்டுப்புறக் கலைகளுக்கென்று காட்சிக்கூடம் கட்டுகிறார். அதில் ஒரு வட்ட அறை, உள்ளே ஒன்றும் இருக்காது, வருகிறவர் நடுவில் நின்றால் போதும், சுற்றிலும் கண்ணுக்குத் தெரியாத பெண்கள் பாடிக் கும்மியடிப்பார்கள். அதற்குத்தான் இந்த ஏழு ஸ்பீக்கர் வேலை. ஆக்லாந்தில் ஒலிப்பதிவு வேலையை விட்டுத் திரும்பி வந்த பிறகு எனக்கென்று, என் பெயரில் வந்த முதல் சரவுண்டு வேலை. இது நன்றாக வந்தால் அந்தக் கூடத்தின் மற்ற அறைகளும் எனக்கு வரும், பறை அறை, உடுக்கை அறை என்று அவர் கையை விரித்துக் காட்டினார். இது சரியாக வரவில்லையென்றால் என்ன வரும் என்று அவர் காட்டவில்லை. வட்டமாகப் பாடுவதை வட்டமாகவே கேட்பது, இதைவிடப் பொருத்தம் வேறென்ன இருக்கிறது என்று எனக்கும் அன்றைக்குப் பெரிய உற்சாகம். கல்யாண மண்டபத்தில் பந்திக்கூடத்தைக் காலி செய்து நடுவில் மைக்குகளை நிறுத்தி, பன்னிரண்டு பெண்களைச் சுற்றி நிற்க வைத்து, காலடியில் டேப் ஒட்டினேன். நகரக் கூடாது என்றேன். வளையல் வேண்டாம் என்றேன், கிலுங்குகிறது. அப்போது பரிமளம்தான் பேசியது. நாற்பத்தைந்து இருக்கும், பனியன் கம்பெனியில் செக்கிங், வாய் ஓயாத ஆள். “ஏனுங்ணா, நின்ன எடத்துல நின்னு தட்டறதுக்கு இங்கென்ன கொசுவா அடிக்கறோம்?” எல்லோரும் சிரித்தார்கள். “கும்மின்னா காலு போகோணும், கை தானா வருமுங்க. கால டேப்பு போட்டு ஒட்டிப்போட்டு கையக் கேட்டா அது எங்கபோயி வரும்?” அதற்கும் சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை. சிரித்திருக்கலாம். ஒலியின் திசை நிலையாக இருக்க வேண்டும் என்று ஏதோ விளக்கினேன், பாதி ஆங்கிலத்தில், எட்டாவது வரை தமிழில் படித்தவன் சங்கடம் வந்தால் மட்டும் அந்தப் பக்கம் போய் நின்றுகொள்கிறேன். பரிமளம் தலையை ஆட்டிக் கேட்டுவிட்டு, “நீங்க சொன்னா செரிங்ணா” என்று டேப்பின் மேல் போய் நின்றது.

மறுபடியும் அந்தப் பதிவைப் போட்டுக் கேட்கிறேன். முன்னால் இருப்பவர்களின் தட்டு கணீர் என்று வருகிறது. இடதுபக்கம் கணீர். இடது பின்மூலை கணீர். வலதுபக்கம் கொஞ்சம் மங்கல். வலது பின்மூலை, பரிமளம், சொத். ஈரத்துணியைத் துவைக்கல்லில் போட்டது மாதிரி. இதற்கு ஆங்கிலத்தில் எனக்கு நிறையச் சொற்கள் தெரியும், அந்தத் தொழிலை அந்த மொழியில்தான் கற்றேன், இந்த அதிர்வெண்ணில் குறைவு, அந்த அதிர்வெண்ணில் சரிவு என்று எண்ணாகச் சொல்லி முடித்துவிடலாம். தமிழில் சொன்னால்தான் கஷ்டமாக இருக்கிறது. மந்தம். மந்தமாக இருக்கிறது. அப்பாவைத் தெருவில் அப்படித்தான் சொல்வார்கள், மந்தக்காதுக்காரர் வூடு, அந்த முக்குல திரும்புங்க. ஒலியலையைக் காட்டும் திரையைப் பார்த்தால் பரிமளத்தின் தட்டு மற்றவர்களுடையதைப் போலவே உயரமாக எழும்பி நிற்கிறது. போன வாரமும் பார்த்தேன். பார்த்துவிட்டுத் திரையை அணைத்தேன். கண்ணால் மிக்ஸ் பண்ணாதே, காதால் பண்ணு என்பதுதானே எங்கள் தொழிலில் முதல் பாடம், ஆக்லாந்தில் புதிதாக வந்தவர்களுக்கு நானே எத்தனை முறை திரையின் மேல் துண்டைப் போட்டு மூடியிருக்கிறேன். படம் என்ன காட்டினாலும் காது சொல்வதுதான் தீர்ப்பு. அப்படிச் சொல்லிக்கொண்டு அந்த மூலையின் சத்தத்தைக் கூட்டினேன். இன்னும் கொஞ்சம் கூட்டினேன். டீச்சருக்கு ஒரு பிரதி அனுப்பினால், “ஏந்தம்பி, ஒரு பக்கம் சட்டி ஒடையறாப்ல கேக்குதுங்க” என்றார். உங்க ஸ்பீக்கர் அப்படி டீச்சர் என்றேன். எவ்வளவு சுலபமாக வந்தது அந்தப் பதில்.

என் ஸ்பீக்கரையும் சந்தேகப்படவில்லை என்று சொல்ல முடியாது. நேற்று மனைவி சுகந்தியை உதவிக்குக் கூப்பிட்டுப் பின்மூலை ஸ்பீக்கர்கள் இரண்டையும் இடம் மாற்றினேன். இடதில் இருந்தது வலதுக்கு, வலதில் இருந்தது இடதுக்கு. “ஏனுங்க, மெத்தையெல்லாம் செவுத்துல ஒட்டிப்போட்டு நாம பாயில படுக்கறோம், இப்ப இந்தக் கெனத்த வேற தூக்கோணுமா” என்று சொல்லிக்கொண்டேதான் தூக்கினாள். சுவரில் ஒட்டியிருப்பது எதிரொலியை உறிஞ்சும் பஞ்சுப்பலகை, மெத்தையில்லை என்று பல தடவை சொல்லியாயிற்று. மாற்றி வைத்துவிட்டுக் கேட்டேன். பழுது ஸ்பீக்கரில் இருந்தால் மந்தம் இடது மூலைக்குப் போயிருக்க வேண்டும். போகவில்லை. வலது பின்மூலையிலேயே உட்கார்ந்திருந்தது, வீட்டை விற்றாலும் காலி செய்யாத வாடகைக்காரன் மாதிரி. சரி, ஒயர். ஒயரை மாற்றினேன். சரி, சுவர். அந்த மூலையில் பஞ்சு அதிகமோ என்று ஒரு பலகையைக் கழற்றினேன். சுகந்தி அதைக் கொண்டுபோய்ப் பால்கனியில் வெயிலில் வைத்தாள், மழைக்கு நனைந்த தலையணையை வைப்பது போல. மந்தம் அங்கேயே இருந்தது. இனி மாற்ற வேண்டியது ஒன்றுதான். நாற்காலியை அப்படியே திருப்பி, முதுகை முன்பக்கம் காட்டி உட்கார்ந்து கேட்க வேண்டும். மூலையில் பழுது என்றால் பழுது மூலையில் இருக்கும். நாற்காலியோடு சேர்ந்து பழுதும் திரும்பினால். சக்கரம் வைத்த நாற்காலி, காலால் லேசாகத் தரையை உந்தினால் போதும், சுற்றிக்கொள்ளும். நேற்று உந்தவில்லை. பசிக்கிறது என்று எழுந்து போய்விட்டேன். பசிக்கவில்லை.

அப்பா சிரிப்பார். அதுதான் தாங்காது. நூற்பாலையில் முப்பது வருஷம், நூல் முறுக்கும் ரிங் ஃபிரேம் மெஷின்களின் சத்தத்துக்கு நடுவில், காதில் பஞ்சு வைத்துக்கொள்ளச் சொன்னால் சுற்றிலும் பஞ்சுதானே பறக்குது, தனியா வேற வெக்கோணுமா என்று கேட்ட ஆள். வீட்டில் உறம்பரை என்று சொந்தக்காரர்கள் வந்து உட்கார்ந்து பேசும்போது அவர் எல்லோர் வாயையும் மாறிமாறிப் பார்த்துக்கொண்டிருப்பார், யாராவது சிரித்தால் அரை நிமிஷம் பொறுத்து அவரும் சிரிப்பார். ஒரு தடவை சித்தி தன் புருஷன் ஆஸ்பத்திரியில் கிடந்ததைச் சொல்லும்போது, எதை எப்படி எடுத்துக்கொண்டாரோ, சிரித்துவிட்டார். சித்தி நிறுத்திவிட்டாள். அப்பாவுக்கு மட்டும் என்ன நடந்தது என்று தெரியவில்லை, ஆனால் ஏதோ நடந்துவிட்டது என்று தெரிந்தது, அந்த முகம். நான் அந்த வீட்டில் இருந்துகொண்டே சின்னச் சத்தங்களைச் சேர்த்தேன். பால் பொங்குவதற்கு முன்னால் ஒரு சத்தம் உண்டு, பல்லி சுவரைவிட்டு இறங்குவதற்கு ஒரு சத்தம், அடுத்த அறையில் அம்மா அழுவதை நிறுத்தியதற்கு ஒரு சத்தம். அவருக்குக் கேட்காததையெல்லாம் நான் கேட்டுக்கொண்டேன், அவ்வளவுதான், அதுவே பிற்பாடு படிப்பாகி, விமானம் ஏற்றி, ஆக்லாந்தில் கண்ணாடிக் கதவு போட்ட ஸ்டுடியோவில் உட்கார வைத்து, அந்த ஊர்க்காரர்கள் நான் கேட்டுச் சொன்னால் சரி என்று ஒத்துக்கொள்ளும் அளவுக்குக் கொண்டுபோனது. காதைத் தவிர என்னிடம் வேறென்ன இருக்கிறது. கணக்கு வராது, கார் ஓட்டத் தெரியாது, பேசவும் அவ்வளவாக வராது. ராத்திரி கொசு வலது காதுப் பக்கம் வந்தால் இப்போதெல்லாம் கடித்த பிறகுதான் தெரிகிறது. இந்த வருஷம் கொசு குறைச்சல் என்று சுகந்தியிடம் சொன்னேன். எங்கீங்க குறைச்சல் என்றாள்.

கதவு திறந்திருக்கிறது. மோர் டம்ளரோடு அவள் பக்கத்தில் நிற்கிறாள், எவ்வளவு நேரமாக நிற்கிறாளோ. “மூணு வாட்டி கூப்ட்டனுங்க.” எங்கிருந்து. “இங்கிருந்துதான், பொறத்தால இருந்து.” பாட்டு ஓடிட்டு இருந்துச்சு என்றேன். “பாட்டெங்க ஓடுது? நிறுத்திப்போட்டு செவுத்தப் பாத்துட்டு உக்காந்திருக்கறீங்க.” மோரை வாங்கிக்கொண்டேன், கறிவேப்பிலை, பெருங்காயம் கொஞ்சம் கூடுதல். அவள் போகவில்லை. “டீச்சரு கூப்ட்டாங்களா? பரிமளத்த வேண்டாம்னுட்டீங்களாமா.” உனக்கு யார் சொன்னது. “கறிக்கடைல சொன்னாங்க. நீங்க பந்திக்கூடத்துல மைக்கு வெச்ச அன்னைக்கே ஊருக்கெல்லாம் தெரியும். கைதட்டவே தெரியாதுன்னு வெளிநாட்டுல இருந்து வந்த இஞ்சினியரே சொல்லிப்போட்டாரு, மிசின்ல காட்டிருச்சுன்னு டீச்சரு மருமக சொல்லிட்டுத் திரியறாளாமா.” மெஷின் காட்டவில்லை, நான்தான் என்று சொல்ல வாயெடுத்தேன். “அந்தப்புள்ளைக்கு அது ஒண்ணுதாங்க. காலைல இருந்து பொழுதுக்கும் பனியனத் திருப்பித் திருப்பிப் பாத்துட்டு, சாயங்காலம் அங்க போயித்தான் வாயத் தொறந்து சிரிக்கறது. நெசமாலுமே அவ்வளவு மோசமாங்க தட்டுறா?” தட்டுகிறாள் என்றால் தட்டுகிறாள், மோசம் என்றால். கொஞ்சம் மந்தமா இருக்கு சுகந்தி. “மந்தமா?” என்று கேட்டுவிட்டு என்னைப் பார்த்தாள். பார்த்தது முகத்தையா, முகத்தின் வலதுபக்கத்தையா. “உங்கப்பனாட்ட வாயப் பாத்துப் பேசறீங்க இப்பல்லாம்” என்று சாதாரணமாக, எரிச்சல்கூட இல்லாமல் சொல்லிவிட்டு டம்ளரை வாங்கிக்கொண்டு போய்விட்டாள். கதவைச் சாத்தினாள். சாத்திய சத்தம் கேட்டது. கேட்டதா, சாத்துவதைப் பார்த்ததால் கேட்டது என்று நினைத்தேனா.

நாளைக்குப் பதிவு எடுப்பதற்கு டிஸ்க்கில் இடம் வேண்டும், தேவையில்லாத பதிவுகளை அழிக்கலாம். இதுமாதிரி வேலைதான் இப்போது வேண்டும், கையால் செய்கிற, யோசிக்காத வேலை. அன்றைக்கு எடுத்ததில் பாதி குப்பை. இருமல் விழுந்தது ஒன்று, வெளியே போன ஆட்டோ சத்தம் விழுந்தது ஒன்று, ஒன்றில் யாரோ நடுவில் வரியை மறந்து அய்யோ என்கிறார்கள். கடைசியில் ஒன்று, நான் எடுத்ததாகவே நினைவில்லை. போட்டுப் பார்த்தேன். டீ குடிக்க நான் வெளியே போயிருந்தபோது, பதிவை நிறுத்த மறந்து போயிருக்கிறேன். பரிமளத்தின் குரல், “ஏனுங்க்கா, அவரு வாரதுக்குள்ள ஒருக்கா நம்மபடி அடிச்சுப் பாக்கலாமா?” டீச்சர், “வந்தா வைவாருடி.” “வையட்டும், நமக்குத்தான் இங்கிலீசு தெரியாதே.” சிரிப்பு. அப்புறம் டேப்பையெல்லாம் விட்டுவிட்டுச் சுற்ற ஆரம்பிக்கிறார்கள். பாதங்கள் சிமெண்டுத் தரையில் தேய்கின்றன, மூச்சு வாங்குகிறது, பாட்டு ஒருவர் தோளிலிருந்து இன்னொருவர் தோளுக்குப் போகிறது, பன்னிரண்டு பேரும் என்னைச் சுற்றி மெதுவாக நடக்கிறார்கள். அழிக்கப் போன விரலை எடுத்துக்கொண்டேன். இது நன்றாக இருக்கிறது, நான் எடுத்த எல்லாவற்றையும்விட நன்றாக இருக்கிறது, என்று நினைத்துக்கொண்டிருக்கும்போதே ஒரு தட்டு இடதிலிருந்து எனக்கு நேர் முன்னால் வந்தது, முற்றின தேங்காய் ஒரே போடில் விண்டமாதிரி. தாளத்துக்கு மயிரிழை முன்னால் விழுகிற தட்டு. அப்படி முந்திக்கொள்கிறவர் பன்னிரண்டு பேரில் ஒருத்தர்தான். பரிமளம். அந்தத் தட்டு என் முகத்துக்கு நேராகப் போகிறது, வலதுபக்கம் வருகிறது, கொஞ்சம் மங்குகிறது, பின்னால் போகிறது, சொத். ஈரத்துணி. பிறகு இடது பின்மூலையில் எழுந்து உட்கார்ந்து, கணீர், கணீர் என்று முன்னால் வருகிறது. அதன் பின்னாலேயே டீச்சரின் தட்டு, கனமான கை, வலது பின்மூலைக்குப் போனதும் சொத். அதற்குப் பின்னால் வருகிற சின்னக்கை, யாரென்று தெரியவில்லை, அங்கே போனதும் சொத். ஒவ்வொருத்தராக அந்த மூலைக்கு வந்து கையை இழந்துவிட்டு, தாண்டிப் போனதும் திரும்ப எடுத்துக்கொள்கிறார்கள். நின்ற இடத்திலேயே நில்லுங்கள் என்று நான் டேப் ஒட்டாமல் இருந்திருந்தால் முதல் நாளே தெரிந்திருக்கும்.

தரையைக் காலால் உந்தினேன். நாற்காலி சுற்றியது, தலைகூடக் கொஞ்சம் சுற்றியது. இப்போது முன்பக்க ஸ்பீக்கர்களுக்கு முதுகைக் காட்டிப் பின்சுவரைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன், பலகை கழற்றிய இடத்தில் பசை காய்ந்து மஞ்சளாக நிற்கிறது. டேப்பின் மேல் நின்று எடுத்ததைப் போட்டேன். பழைய வலது பின்மூலை இப்போது எனக்கு முன்னால் இடதுபக்கம். பரிமளம் அங்கிருந்து தட்டுகிறது. கணீர். நான் அந்த மூலைக்கு ஏற்றி வைத்த சத்தமெல்லாம் சேர்ந்து பளீரென்று அறைகிறது, சட்டி உடைகிற மாதிரி, டீச்சர் சொன்ன அதே சட்டி. இன்னொரு மூலையில், இதுவரை ஒரு குறையும் இல்லாமல் தட்டிக்கொண்டிருந்த யாரோ ஒருத்தருக்குக் கை மந்தமாகிவிட்டது. திரும்பவும் சுற்றினேன். திரும்பவும் பரிமளம் ஊமையானது. இன்னொரு முறை சுற்றினேன், எதற்கென்று தெரியவில்லை, ரங்கராட்டினத்தில் இறங்கத் தெரியாமல் உட்கார்ந்திருப்பவன் போல. முன்னால் வருகிற சத்தத்துக்கு இரண்டு காதும் ஒன்றையொன்று தாங்கிக்கொள்கின்றன. பின்மூலையிலிருந்து வருவதற்கு இடது காது உதவிக்கு வர முடியாது, நடுவில் என் தலை நிற்கிறது. என் தலையே. சிரிப்பு வந்தது, அரை நிமிஷம் கழித்து.

டாக்டரிடம் போகலாம். அழுக்கு அடைத்திருக்கலாம், நீர் கோத்திருக்கலாம், சளி. போகலாம், அதற்கு எப்போது வேண்டுமானாலும் போகலாம். நாளைக் காலை என்ன செய்வது. நாளைக் காலை டீச்சரின் மருமகள் அந்த டேப்பின் மேல் நிற்பாள், அவளும் சொத் என்பாள், நான் நன்றாக இருக்கிறது என்று சொல்லிவிடலாம், திரையில் பார்த்துச் சத்தத்தைச் சரியாக வைத்துவிடலாம், கண்ணால் மிக்ஸ் பண்ணி முடித்துவிடலாம், யாருக்குத் தெரியப்போகிறது. பல்லடத்துக்காரர் நடுவில் நின்று கண்ணை மூடிக் கேட்டு அற்புதம் என்பார். பறை அறை கொடுப்பார். அதையும் கண்ணால் பண்ணலாம். இப்படியே எவ்வளவு நாள் வாயைப் பார்த்துச் சிரிக்கலாம். காது போன இஞ்சினியர் என்று ஒரு சொல் வெளியே போனால் போதும், கறிக்கடையில் ஆரம்பித்தால் சாயங்காலத்துக்குள் பல்லடம் போய்ச் சேரும், அப்புறம் இந்த ஏழு ஸ்பீக்கரையும் சுகந்தி எந்தப் பரணில் ஏற்றி வைப்பாளோ. நாற்பத்தெட்டு வயதில் வேறென்ன கற்றுக்கொள்வது, எந்த மொழியில். களைப்பாக இருக்கிறது. ஃபேனைப் போட்டேன், காற்று வந்தது, காற்றின் சத்தமும் வந்தது, இடதில் கொஞ்சம் கூடுதலாக. தெருவில் தக்காளி வண்டிக்காரன் மைக்கில் கூவிக்கொண்டு போகிறான். பரிமளம் இந்நேரம் கம்பெனியில் ஒரு பனியனைத் திருப்பிப் பார்த்துக்கொண்டிருக்கும், தையல் விட்டிருக்கிறதா, கறை இருக்கிறதா, இருந்தால் அதன் மேல் ஒரு சிவப்பு ஸ்டிக்கர் ஒட்டித் தனியே போடும். சரிங்க்கா என்று மட்டும் சொன்னாளாம். அவ்வளவு வாய் உள்ளவள். தன் கையைத் தானே திருப்பித் திருப்பிப் பார்த்திருப்பாள், என்னத்தில் குறை என்று. ஆளில்லாத இடத்தில் ஒருமுறை தட்டியும் பார்த்திருப்பாள். கேட்டிருக்கும். அவளுக்கு நன்றாகத்தான் கேட்டிருக்கும், கேட்டும் நான் சொன்னதைத்தான் நம்பியிருப்பாள், வெளிநாட்டிலிருந்து வந்தவன், மெஷின் வைத்திருக்கிறவன். ஃபோனை எடுத்தேன். வலது காதில் வைத்தேன். மணி அடிப்பது எங்கோ மூன்றாவது வீட்டில் அடிப்பது மாதிரி இருந்தது. இடது காதுக்கு மாற்றினேன். “சொல்லுங்க தம்பி” என்றார் டீச்சர், பின்னால் யாரோ பாத்திரம் கழுவுகிறார்கள், அது கேட்கிறது. “தம்பி? ஏனுங்க, லைன்ல இருக்கறீங்களா?”

பரிமளம் தட்டியதில் குறையில்லை, கேட்காமல் போனது என் வலது காதுதான், நாளைக்கு அவர் வரவேண்டும், அவர்கள்படியே சுற்றிவந்து அடிக்கட்டும், மிக்ஸ் செய்ய வேறு ஆளை நான் பார்த்துத் தருகிறேன் என்று சொன்னேன்.